உன் பேனரில் என் கட்டைவிரல்

நீ குதிக்கவில்லை.

இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத முடியும். விமானத்தில் ஏறினாய். பத்தாயிரம் அடி மேலே போனாய். கதவு திறந்தது. நீ குதிக்கவில்லை. ஏறிய விமானத்திலேயே உட்கார்ந்தபடி இறங்கி வந்தாய். குதித்தது நான். இன்று காலை வரை புதுச்சேரியில் இந்த உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் செத்துப் பத்து மாதம் ஆகிறது.

இன்று காலை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கருவடிக்குப்பம் ரோட்டு முனையில் அவள் மீன் விற்கிற இடம் உனக்குத் தெரியும். இரண்டு மூங்கில், ஒரு மின்கம்பம், மூன்றையும் இழுத்துக் கட்டிய ஒரு படுதா. பழைய படுதா போன மழையில் கிழிந்துவிட்டது. இன்று புதிதாக ஒன்று கட்டியிருந்தாள். குனிந்து உள்ளே நுழைந்ததும் வெயிலில் சூடேறிய பேனரின் வாடை மூக்கில் ஏறியது. மையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, அதோடு மீன் செதில். நிமிர்ந்து பார்த்தேன். நீ இருந்தாய்.

உன் கண்ணீர் அஞ்சலி பேனர். அச்சடித்த பக்கம் கீழே பார்க்கும்படி கட்டியிருக்கிறாள். ‘விண்ணைத் தொட்ட வீரனே’ என்ற வரி அவள் தலைக்கு நேர் மேலே. ‘தோற்றம்’ இருந்த மூலையைக் கயிறு கட்டுவதற்காக வெட்டிவிட்டார்கள்; ‘மறைவு’ மட்டும் மிச்சம். ஓரத்தில் உங்கள் தெரு இளைஞர் சங்கத்து ஆட்களின் முகங்கள் வரிசையாக, துக்கத்திலும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. நடுவில் ஆளுயரத்துக்கு அந்தப் படம்: ஆரஞ்சு உடை, முடியை மறைத்த தொப்பி, கண்ணை மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி, காற்றில் இரண்டு கன்னமும் காதுப் பக்கம் இழுபட்ட முகம், முன்னால் நீட்டிய வலதுகைக் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கிறது. தட்டாஞ்சாவடியில் பை தைக்கிற கம்பெனியில் நான் சேர்ந்த முதல் மாதம் மிஷின் ஊசி இறங்கிப் பிளந்த நகம். உனக்கு அப்படி ஒரு நகம் கிடையாது. உன் கை எந்த மிஷின் பக்கமும் போனதில்லை.

“சங்கத்து ஆளுங்க குடுத்தாங்க. வேஸ்டா மடிச்சி வெச்சிருந்தாங்களாம். நல்லா கெட்டியா இருக்குது பாரு” என்றாள் அம்மா. பிறகு சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே மேலே பார்த்து, “இம்மாம் ஒயரத்துலேர்ந்து குதிச்சிருக்கான் அந்தப் புள்ள. நீ இன்னான்னா மொட்ட மாடில துணி காயப்போட மூஞ்ச சுளிக்கிற” என்றாள்.

என் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, என் படத்தைக் காட்டி, என் அம்மா என்னைக் கேலி செய்கிறாள். இதைவிடப் பெரிய பரிசை நீ எனக்கு விட்டுப் போயிருக்க முடியாது.

அதே சங்கத்து ஆட்கள் போன வாரம் என்னிடமும் வந்தார்கள். உன் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம். ‘கூடப் போனது நீதானே, அவன் எப்படிக் குதிச்சான்னு பாத்தத எழுதிக் குடும்மா’ என்றார்கள். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இது அவர்கள் மலரில் வராது என்பது எனக்குத் தெரியும். அதனால் அவர்களுக்கு எழுதாமல் உனக்கே எழுதுகிறேன்.

நாம் அரசுக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. நான் வைத்திக்குப்பத்து மீன்காரி மகள். நீ சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் பேரில் உங்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, உங்கள் கூடத்தில் அவர் படம், படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் மெடல். பாராசூட் என்று ஊரே சொல்லும்போது நீ மட்டும் ‘பராஷூத்’ என்பாய். ‘எங்க தாத்தா பராஷூத் படை. எங்க ரத்தத்துலயே இருக்குது’ என்பாய். உன் அப்பா ஒவ்வொரு ஜூலை பதினாலுக்கும், பிரெஞ்சு தேசிய நாளுக்கு, கோட்டு மாட்டிக்கொண்டு, தன்னுடையது அல்லாத மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரை ரோட்டுக்குக் கிளம்புவார். ஒரு வருஷம் அங்கே நின்றபடி, ‘பிரான்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி எம் பையன் இந்தியாவுலயே குதிச்சிக் காட்டுவான்’ என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் உனக்கு அந்தப் பயம் பிடித்தது. அதை ஆசை என்று நீ என்னிடம் சொன்னாய்.

எனக்கு இருந்தது உண்மையான ஆசை. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. பன்னிரண்டு மணி நேரம் தலையைக் குனிந்து பெல்ட் தையலைச் சரிபார்க்கிறவளுக்கு மேலே பார்க்க ஒரு காரணம் தேவையில்லை. நீ கூப்பிட்டாய், நான் வந்தேன். வீட்டில் கம்பெனி ட்ரெயினிங் என்று சொன்னேன். அம்மா நம்பினாள். “உங்க கம்பெனில ட்ரெயினிங்தான் குடுப்பானுங்க, சம்பளத்த மட்டும் ஏத்த மாட்டானுங்க” என்று சொல்லிக் கருவாட்டுக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

காசு வாங்கிக்கொண்டு குதிக்கவிடுகிற இடம் ஹரியானாவில். போய்ச் சேர்ந்தபோது அதைப் பார்த்து உன் முகம் தொங்கிப்போனது. நீ என்ன எதிர்பார்த்தாயோ. ஒரு ஓடுதளம், தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிலும் கடுகு வயல். பயிற்சியாளர் பழைய ராணுவக்காரர். ஒரு படிவத்தை நீட்டினார். உனக்கு ஒரு கையெழுத்துப் போதும். எனக்கு மட்டும் கணவர் அல்லது தந்தை அல்லது சகோதரர் கையெழுத்தும் வேண்டும் என்றார். விதி எதுவும் அப்படி இல்லை, அவருடைய சொந்தப் பாதுகாப்புக்காம். நீ பேனாவை வாங்கி ‘அண்ணன்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் குதிக்கலாம் என்று, குதிக்கப் போகாத நீ அனுமதி கொடுத்தாய். அந்தப் படிவத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் தடவை குதிக்கிறவரைத் தனியாக விடமாட்டார்கள். பயிற்சியாளரின் நெஞ்சோடு நம் முதுகைச் சேர்த்து நாலு கொக்கியில் மாட்டுவார்கள். பாராசூட் அவர் முதுகில் இருக்கும். அதற்காக நம் உடம்பைச் சுற்றிப் போடுகிற பெல்ட்டுகளைக் கையில் கொடுத்தபோது நீ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாய். நான் தையலைப் பார்த்தேன். சதுரம் போட்டு நடுவில் குறுக்காக இரண்டு கோடு. பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டைக்கு நாங்கள் போடுகிற அதே தையல்; நூல் மட்டும் தடிமன். ஒவ்வொரு மூலையையும் நகத்தால் நெருடிப் பார்த்தேன். ராணுவக்காரர் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். தையலை என்றேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொட்டகையில் தொங்கிய இன்னும் இரண்டு பெல்ட்டுகளை எடுத்து வந்து என் மடியில் போட்டார். ஒன்றில் ஒரு மூலைத் தையல் தேய்ந்திருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தார். அவருக்கு என்மேல் மரியாதை வந்தது அந்த நிமிடத்தில். உனக்கு வரவில்லை. ‘எங்க போனாலும் கம்பெனி புத்தி’ என்றாய்.

விமானம் சின்னது. இருக்கைகளை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். நீயும் உன் பயிற்சியாளரும் கதவோரம், நானும் ராணுவக்காரரும் உங்களுக்குப் பின்னால். முதலில் குதிக்க வேண்டியது நீ. ஏறும் வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய், விமானிக்குக்கூட யோசனை சொன்னாய். கதவு திறந்ததும் பேச்சு நின்றது. உன் கை விமானி இருக்கையின் அடிக்கம்பியைப் பிடித்தது. உன் பயிற்சியாளர் உன் காதில் ஏதோ கத்தினார். நீ தலையை ஆட்டினாய். அது சரி என்கிற ஆட்டல் இல்லை. அவர் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவில்லை. பிரிக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் அவர்கள் முறை. விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. உன்னைப் பக்கவாட்டில் நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள். உன்னைத் தாண்டிப்போகும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பயந்ததற்காக உன்னை நான் ஏசவில்லை. பயம் எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகு நீ செய்ததற்குத்தான் ஏசுகிறேன்.

குதித்தால் பறவை மாதிரி இருக்கும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். கம்பெனியில் மிஷினுக்குள் சேர்ந்த நூல் தூசியை ஊதித் தள்ள ஒரு கம்ப்ரசர் குழாய் இருக்கும். அதைத் திறந்து முகத்தில் பிடித்தது போல இருந்தது. மூச்சு உள்ளே போகாமல் வாயை அடைத்தது. ராணுவக்காரர் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார், கட்டைவிரலைக் காட்டினேன். பிறகு மேலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி பாராசூட் திறந்தது. சத்தம் சட்டென்று நின்றது. கடுகு வயலுக்கு மேலே ஐந்து நிமிடம் தொங்கினேன். மேஸ்திரி கூப்பிடவில்லை, அம்மா கூப்பிடவில்லை, பஸ் ஹாரன் இல்லை. பிறந்ததிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத ஐந்து நிமிடம் அதுதான்.

கீழே வந்தபோது நீ கொட்டகையில் மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாய். உன் உடையில் ஒரு மண் துகள் இல்லை.

“யார்கிட்டயும் சொல்லாதடி” என்றாய். பிறகு, “உன் ஃபோட்டோவ எனக்கு அனுப்பு. மூஞ்சி யாருதுன்னே தெரில, பாரு.”

எதற்கு என்று கேட்டேன்.

“நீ குதிச்சத உங்க வீட்ல சொல்ல முடியாது. நான் குதிக்காதத எங்க வீட்ல சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோட்டோ போதும்டி” என்றாய்.

அனுப்பினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. என்னால் அதை ஊரில் காட்ட முடியாது என்பதால், யாராவது காட்டட்டும் என்று ஒரு முட்டாள்தனமான தாராளம். ரயிலில் வரும்போது நீ என்னைக் கேள்வி கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாய்: காற்று எப்படி, காது அடைத்ததா, திறக்கும்போது எங்கே இழுத்தது. அதை ஆர்வம் என்று நினைத்தேன்.

நாம் வந்து சேர்வதற்குள் உன் தெருமுனையில் பேனர் நின்றது. அப்போது நீ உயிரோடு இருந்தாய், அதனால் ‘வருக வருக’. சங்கத்தில் மாலை போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, “காத்து இன்னா மாரி அடிக்கும் தெரியுமா? கம்ப்ரசர தெறந்து மூஞ்சில புடிச்ச மாரி இருக்கும்” என்றாய். கை தட்டினார்கள். நீ வாழ்க்கையில் கம்ப்ரசரைப் பார்த்தது கிடையாது. முகத்தை எடுத்துக்கொண்டது போதாது என்று என் வாயையும் எடுத்துக்கொண்டாய். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அப்படியே தாத்தா’ என்றார். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டார்களா, நீ எங்கே இறங்கினாய், யார் கூட இறங்கினாய், அந்தப் பெண் என்ன செய்தாள் என்று? இந்த ஊர் பேனரைப் படிக்கும். பேனரில் இருப்பவனின் கையைப் பார்க்காது.

தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது நீயும் சேர்ந்துகொண்டாய். பிரான்ஸில் கற்கலாம், அக்கா வீடு இருக்கிறது என்றாய். உனக்கு அது ஒரு டிக்கெட். எனக்கு விசா. மீன்காரி மகள், பை தைக்கிறவள், ஏன் பிரான்ஸில் விமானத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று ஒரு கவுண்டரில் விளக்க வேண்டும். விளக்கினேன். முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, தாய்லாந்து என்றேன். நீயும் சரி என்றாய். கிளம்புவதற்கு முந்தின நாள் ‘ஃபீவர்’ என்று ஒரே ஒரு சொல் வாட்ஸ்அப்பில் வந்தது. சீட்டுப் பணத்தையெல்லாம் போட்டு நான் ஏற்கெனவே கட்டியிருந்தேன்; வீட்டில் மறுபடியும் ட்ரெயினிங் என்று சொல்லியிருந்தேன். தனியாகப் போனேன்.

அங்கே யாரும் என் அண்ணனைக் கேட்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக என் கையெழுத்தைத்தான் கேட்டார்கள். செத்தால் நானே பொறுப்பு என்று எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும். அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் என்னை நடத்தியதில்லை. ஒரு நாள் முழுக்கத் தரையில்தான் பாடம். பெஞ்சில் குப்புறப் படுத்து, இடுப்பை முன்னால் தள்ளி, உடம்பை வில்லாக வளைப்பது. மணிக்கட்டில் உயரம் காட்டும் மீட்டரைப் பார்ப்பது. எந்த உயரத்தில் பிடியை இழுப்பது. திறந்த பாராசூட் சதுரமாக இருக்கிறதா, திரும்புகிறதா, வேகம் குறைகிறதா என்று மூன்றையும் பார்ப்பது. ஒன்று இல்லையென்றாலும் அதை அறுத்துவிட்டு அடுத்ததைத் திறப்பது. அங்கே நம் ஊர் ஆட்களும் வந்தார்கள். ஒரு தடவை பயிற்சியாளரின் மார்பில் தொங்கிவிட்டு, பயத்தை வென்றேன் என்று கேமராவிடம் சொல்லிவிட்டு, மத்தியான விமானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். உன் முகத்தைத்தான் அவர்கள் எல்லாரிடமும் பார்த்தேன். அவர்களாவது குதித்தார்கள்.

மூன்றாவது பாடத்தில் தோற்றேன். இரண்டு பக்கமும் பிடித்திருந்த பயிற்சியாளர்கள் கையை விட வேண்டிய பாடம் அது. விட்டதும் நான் பம்பரமாகச் சுற்றினேன். வானமும் தரையும் மாறி மாறி வந்தன. ஒரு பெண் பயிற்சியாளர் பறந்து வந்து என் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினாள். கீழே வந்ததும் அவள் திட்டவில்லை. கையை நினைத்தாய், காலை மறந்தாய் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் முழங்காலை நீட்டி, காலை நினைத்துக்கொண்டே குதித்தேன். அவர்கள் விட்டார்கள். நான் சுற்றவில்லை. என்னை யாரும் பிடிக்காமல் நான் நேராக இருந்தேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. அதுதான் எரிச்சல்.

நீயோ தினமும் சாயங்காலம் ஒரே செய்தி அனுப்பினாய்: ஃபோட்டோ அனுப்பு, ஃபோட்டோ அனுப்பு. ஊரில் தாய்லாந்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அக்காவின் நாத்தனார் வீட்டில் காரைக்காலில் படுத்துக்கிடந்தாய். ‘வந்து குதி. அப்புறம் கேள்’ என்று நான் எழுதினேன்.

திரும்பி வந்த பிறகு நோணாங்குப்பம் படகுத்துறைக்கு வரச்சொன்னாய். படகு ஏறவில்லை. டிக்கெட் வரிசைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். பாரடைஸ் பீச்சுக்குப் போகிற கூட்டம் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொக்கியை மாட்டாமல் படகில் ஏறியது. “ஒருத்தனும் பக்கிள் போடல பாரு” என்றாய். உனக்கு எல்லாம் தெரியும், அதுதான் உன்னிடம் இருந்த பெரிய வியாதி.

அன்றைக்கு உன்னிடம் ராணுவக்காரரின் அழைப்பைப் பற்றிச் சொன்னேன். அடுத்த சீசனுக்குப் பாராசூட் மடிக்கவும் பெல்ட்டுகளைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருந்தார். சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, குதிக்கவும் விடுவார். என் வாழ்க்கையில் நான் கேட்காமல் வந்த ஒரே வேலை. ஆனால் இன்னொரு ட்ரெயினிங் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் போக முடியாது. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரே உன் படம் என்று சொல்கிற படத்தை என் படம் என்று நான் மட்டும் சொன்னால் எப்படி நம்புவாள்?

நீ உள்ளங்கையில் இருந்த கடலைத் தொலியை ஊதித் தள்ளினாய். பிறகு, “எங்க தாத்தாவும் குதிக்கல” என்றாய். “அந்தப் படைலதான் இருந்தாரு. சமையல்கட்டுல. கரண்டிதான் புடிச்சாரு. அப்பாவுக்கு அது நல்லா தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாரு.”

நான் சிரித்துவிட்டேன். உன் முகம் சுருங்கியது. நான் சிரித்தது சமையலைப் பார்த்து இல்லை. ஒரு பட்டாளத்துக்கே சோறு போட்டவர் அவர். என் அம்மா முப்பது வருஷமாக மீன் அறுக்கிறாள், அதுவும் அதே மாதிரி வேலைதான். அதைச் சொல்லக் கூசி, பேரனை விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கரண்டி பிடித்த கையை மறைத்துவிட்டு மெடலை மட்டும் வெளியே வைத்தார்கள் உங்கள் வீட்டில். கேவலம் என்று நான் சொல்வது இதைத்தான். அன்றைக்கு இதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எழுந்திருக்கும்போது நீயே சொன்னாய், நான் கேட்கவில்லை: “ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வர்றேன். உங்கம்மாகிட்ட நானே சொல்றேன், நான் குதிக்கல, உங்க பொண்ணுதான் குதிச்சான்னு.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வியாபாரத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன். உனக்காக ஒரு சங்கரா மீனைத் தனியாக எடுத்து வைத்தாள். நீ வரவில்லை. அடுத்த ஞாயிறு என்றாய். அதற்கும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு போன் எடுக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மரக்காணம் போகிற ரோட்டில் தடுப்பில் மோதினாய். ஹெல்மெட் முழங்கையில் மாட்டியிருந்தது.

“வானத்துல ஒண்ணும் ஆவல, ரோட்டுல போயிட்டான் பாரு, விதி” என்றது ஊர். விதி இல்லை. ஹெல்மெட் தலையில் இல்லை, முழங்கையில் இருந்தது. ஒவ்வொரு கொக்கியையும் மூன்று தடவை பார் என்று உனக்கும் எனக்கும் ஒன்றாகத்தான் சொன்னார்கள். படகில் போகிறவனின் பக்கிளைக் கவனித்தவன் நீ. இன்னொன்றும் சொல்கிறார்கள், என்னைப் பார்க்க வரும் வழியில் போய்விட்டாய் என்று. அதுவும் இல்லை. எங்கள் வீடு தெற்கே இருக்கிறது. நீ வடக்கே போய்க்கொண்டிருந்தாய்.

உன் சாவுக்கு நான் அழுதேன். இதையும் எழுதிவிடுகிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் அந்தப் பேனரைப் பார்க்கும்வரை அழுதேன்.

ராணுவக்காரர் மறுபடியும் கூப்பிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். அதனால் இன்று காலை, அம்மா சாப்பிட்டு முடித்ததும், ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றேன். பேனரில் இருந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். அம்மா, இது நான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹரியானா, தாய்லாந்து, போகப்போகிற வேலை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது துடைப்பத்தை எடுப்பாள் என்று. கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பேனர் நகத்தைப் பார்த்தாள். என் நகத்தைப் பார்த்தாள். என் விரலைப் பிடித்து, ஊசி இறங்கிய அன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய அதே இடத்தைத் தடவினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவள் முகத்தில் பார்த்தேன்.

“எறங்கு” என்றாள். இறங்கினேன்.

“அவன பெத்தவ ஒத்த ஆம்பளப் புள்ளைய தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறா. அவளுக்கு இருக்கறது இந்த ஒரு ஃபோட்டோ. அத போயி எம் மொவளுதுன்னு நான் சொல்லட்டுமா?”

யாரிடமும் சொல்ல வேண்டாம், நீ மட்டும் நம்பி என்னை அனுப்பு என்றேன்.

“நம்பிட்டேன்னா எப்டி சும்மா இருக்கறது? நாளைக்கு அவ இங்க மீன் வாங்க வருவா. இதுக்குக் கீழ நின்னு புள்ள பேர சொல்லி அழுவா. நான் வாய மூடிக்கினு நிப்பனா?” கத்தியை எடுத்து அடுத்த மீனை அறுக்க ஆரம்பித்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “வர்றேன்னு சொன்னான் இல்ல? மூணு வாரம் மீன எடுத்து வெச்சேன் இல்ல? அவன் வந்து சொல்லட்டும். அனுப்பறேன்.”

உன்னால் என்னிடம் மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். ‘அண்ணன்’ என்று நீ பொய்யாக எழுதிய ஒரு காகிதம். நீ சொன்ன பொய்களில் எனக்கு உதவியது அது ஒன்றுதான். அந்தக் காகிதம் இல்லையென்றால் நான் இன்னும் தலையைக் குனிந்து தையலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை நான் மறுக்க மாட்டேன். பஸ்ஸில் ஏறும்போதுகூடக் கால், கால், நெஞ்சு என்று பெல்ட் மாட்டுகிற மூன்று இடத்தையும் தொட்டுப் பார்க்கிற என் கை. அதைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாத ஒரு பக்கத்து இருக்கை. இவ்வளவுதான். இதைச் சுமந்துகொண்டு நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பொய்யில் ஏறி மேலே போனவனின் பேனர் கடைசியில் எதை மூடுகிறது என்று பார்த்துவிட்டேன்.

உனக்கு இடம் தெரியும். கருவடிக்குப்பம் ரோட்டு முனை, மின்கம்பத்துக்குப் பக்கம், உன் பேனருக்கு நேர் கீழே அவள் உட்கார்ந்திருப்பாள். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். மைக் வேண்டாம். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நான் குதிக்கலம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. மீனை இன்றும் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றாய். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்.